வாசகர் கேள்விகள்: பேனர் கட்டுவதற்கு முன்னால்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேவைக் கிளப்புகளைப் பற்றியவை. ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் என்று பெயர் மாறினாலும் கேட்டிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். திட்டி எழுதியவர்களையும் விட்டுவிடவில்லை.

நண்பர் வற்புறுத்தியதால் ஒரு கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கூட்டம், பேச்சு, போட்டோ, மறுபடி கூட்டம். ஒரு மனிதாபிமானத் திட்டம் என்பது உண்மையில் எங்கே, யாரால் தொடங்குகிறது?

கூட்டத்தில் நீங்கள் பார்ப்பது எல்லாம் முடிவான பிறகு நடக்கும் அறிவிப்பு. வேலை நடப்பது சேவைத் திட்டக் குழுவிலும் செயற்குழுவிலும்தான், அதாவது தலைவர், செயலாளர், பொருளாளர், இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்து கணக்குப் போடும் இடத்தில். அங்கே ஒரு நாள் பார்வையாளராகப் போய் உட்காருங்கள், பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு திட்டம் இரண்டு விதமாகப் பிறப்பதைப் பார்ப்பீர்கள். ஓர் உறுப்பினர் எங்கேயோ எதையோ நேரில் பார்த்துவிட்டு வந்து, "அந்தப் பள்ளியில் வயது வந்த பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வருவதே இல்லை, கழிப்பறையில் கதவு கிடையாது" என்று சொல்வது ஒரு விதம். "இந்த வருடம் ஏதாவது செய்ய வேண்டுமே, தையல் இயந்திரம் கொடுக்கலாமா, கம்ப்யூட்டர் கொடுக்கலாமா" என்று பொருளை முதலில் முடிவு செய்துவிட்டு, வாங்கிக்கொள்ள ஆள் தேடுவது இன்னொரு விதம். இரண்டாவது வகைத் திட்டம் விழா வரைக்கும் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

முதல் வகைக்கு உழைப்பு அதிகம். நேரில் போக வேண்டும், தலைமையாசிரியரிடம் மட்டும் பேசினால் போதாது, பெருக்குகிறவரிடமும் பிள்ளைகளிடமும் பேச வேண்டும். ஒரு சுகாதார நிலையம் இன்குபேட்டர், அதாவது குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காக்கும் பெட்டி, கேட்கிறது என்றால், அங்கே இரவில் மின்சாரம் நிற்காமல் வருகிறதா, அதை இயக்கத் தெரிந்த நர்ஸ் உண்டா, பழுதானால் உதிரி பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். சில சமயம் அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு நல்ல ஜெனரேட்டராக இருக்கும். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தால் எடுபடாது என்பது வேறு விஷயம்.

போட்டோவுக்கு எடுபடாத வேலையில்தான் இந்த மரபே தொடங்கியது. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸும் மூன்று நண்பர்களும் தொடங்கிய ரோட்டரி, முதலில் தொழில் செய்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் கூட்டமாகத்தான் இருந்தது. அது எடுத்துக்கொண்ட முதல் பொதுத் திட்டம் ஒரு பொதுக் கழிப்பறை. 1907-ல் பேச்சை ஆரம்பித்தார்கள், ஆண்களுக்கு மதுக்கடையில் இருக்கிறதே, பெண்களுக்குப் பெரிய கடைகளில் இருக்கிறதே, தனியாக எதற்கு என்று எதிர்ப்பு வந்தது, ஆனாலும் விடாமல் நகர நிர்வாகத்தை நச்சரித்து 1909-ல் திறக்க வைத்தார்கள். இதில் கிளப் கொடுத்த பெரிய விஷயம் பணமே இல்லை. நகரத்தில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்று தெரிந்த ஆட்கள் ஒரே மேசையில் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்று எடுத்ததால் வக்கீல், என்ஜினியர், அச்சகக்காரர், தையற்காரர் என்று எல்லா வகையும் இருந்தது. உங்கள் கிளப்பிலும் இப்படிப்பட்ட ஆட்கள் இருப்பார்கள். அவர்களிடம் காசோலை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுவது வீண்.

ஒரு கிளப் நடத்திய இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கினேன். அந்தப் பணத்தில்தான் ஹோட்டலில் விருந்து வைத்துக்கொள்கிறார்களோ என்று சந்தேகம்.

சந்தேகப்படுவதில் தப்பே இல்லை, கேட்கவும் செய்யுங்கள். லயன்ஸ் கிளப்புகளுக்கு இதில் தெளிவான விதி இருக்கிறது. நிர்வாகக் கணக்கு ஒன்று, பொதுச் சேவைக் கணக்கு ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். உறுப்பினர் கட்டும் சந்தா நிர்வாகக் கணக்குக்குப் போகும், சாப்பாடு, வாடகை, பதவியேற்பு விழா எல்லாம் அதிலிருந்துதான். டிக்கெட், உண்டியல், நன்கொடை என்று பொதுமக்களிடம் வாங்கியது பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். நிகழ்ச்சி நடத்த நேரடியாக ஆன செலவை, மேடை, ஒலிபெருக்கி மாதிரி, அந்த வசூலில் கழித்துக்கொள்ளலாம். உறுப்பினர்களின் விருந்துக்குக் கை வைக்கக் கூடாது.

மற்ற கிளப்புகளிலும் நல்ல பொருளாளர்கள் இப்படித்தான் பிரித்து வைப்பார்கள். அடுத்த முறை டிக்கெட் விற்க வருகிறவரிடம், "இது எந்தக் கணக்குக்குப் போகும்?" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் கிளப் நன்றாக நடக்கிறது. "அதெல்லாம் நம்ம ஆளுங்கதான் சார்" என்று வந்தால் யோசித்து வாங்குங்கள்.

வெளிநாட்டுக் கிளப்போடு சேர்ந்து குளோபல் கிராண்ட் வாங்கலாம் என்கிறார்கள். விண்ணப்பத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. நல்லது செய்ய இத்தனை காகிதமா?

தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் அந்தக் காகிதத்தில் பாதி, நீங்கள் எப்படியும் யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

முறை இதுதான். குளோபல் கிராண்ட் என்பது ரோட்டரி பவுண்டேஷன் பெரிய திட்டங்களுக்குத் தரும் நிதி. அதற்குத் திட்டம் நடக்கும் நாட்டில் ஒரு கிளப்போ மாவட்டமோ (அரசு மாவட்டம் இல்லை, பல கிளப்புகள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம்), வெளியே வேறொரு நாட்டில் அப்படி இன்னொன்றும் என்று இரண்டும் பொறுப்பேற்க வேண்டும். மொத்த பட்ஜெட் குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், அதனால் சின்னத் திட்டத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம், அதற்கு மாவட்ட அளவிலான கிராண்ட் இருக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்றால், உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குக் கொடுத்தது மூன்று வருடம் முதலீட்டில் இருந்துவிட்டு, அதில் ஏறக்குறைய பாதி கொடுத்த மாவட்டத்துக்கே திரும்பி வரும், மீதி உலக நிதிக்குப் போகும். மாவட்டம் தன் பங்கை உங்கள் திட்டத்தில் போட்டால் உலக நிதியும் அதோடு ஒரு பங்கு சேர்க்கும். இந்தப் பவுண்டேஷனே 1917-ல் ஆர்ச் கிளம்ப் என்ற ரோட்டரித் தலைவர் சொன்ன யோசனையில் பிறந்தது, முதலில் வந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். தேவை மதிப்பீடு முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும், அதாவது நீங்கள் போய்ப் பேசினீர்களா, யாரிடம், என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பேர் கொண்ட குழு பொறுப்பில் இருக்க வேண்டும். இந்தக் கிராண்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதில் இரண்டு ரோட்டரி உறுப்பினர்களின் கையெழுத்து. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை, முடிந்து இரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கை, ரசீதுகளை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே செலவு செய்துவிட்டு "இதைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. பலர் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி இடத்தில்தான், ஆர்வத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடுவார்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று அந்தப் படிவத்தில் இருக்கிறது: உங்கள் பணம் தீர்ந்த பிறகு இது எப்படி நடக்கும்? கைப்பம்பு போட்டுக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பம்பு நிற்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை, உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்தாலே தண்ணீர் ஏறாது. அதைக் கழற்றி மாற்றத் தெரிந்தவர் அந்தக் கிராமத்தில் இருக்கிறாரா, வாஷர் வாங்க வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து வைக்க ஒரு குழு இருக்கிறதா, அந்தக் குழுவில் தினமும் குடம் தூக்குகிற பெண்கள் இருக்கிறார்களா? இதற்குப் பதில் எழுத முடியவில்லை என்றால் குறை படிவத்தில் இல்லை. திட்டம் இன்னும் வேகவில்லை.

போலியோவை ரோட்டரி ஒழித்தது என்று பெருமை பேசுகிறார்கள். சொட்டு மருந்து கொடுத்தது அரசு, கண்டுபிடித்தது விஞ்ஞானி. கிளப் செய்தது என்ன?

கோபமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேள்வி நியாயம்தான். முதலில் ஒரு திருத்தம். போலியோ இன்னும் முழுதாக ஒழியவில்லை. இயற்கையான போலியோ வைரஸ் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் தொடர்ந்து பரவிக்கொண்டுதான் இருக்கிறது. 1988-ல் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்த நோய் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது என்பதுதான் சரியான கணக்கு.

அதில் கிளப்புகளின் பங்கு 1979-ல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தில் தொடங்கியது. அது நன்றாகப் போனதால் 1985-ல் போலியோபிளஸ் என்று உலகளவில் அறிவித்தார்கள், 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு, 1988-க்குள் 24 கோடியே 70 லட்சம் சேர்ந்துவிட்டது. அந்த வருடம் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றோடு ரோட்டரியும் சேர்ந்து உலகளாவிய ஒழிப்பு முயற்சி தொடங்கியது. ஒரு தன்னார்வ அமைப்பு அந்த மேசையில் சம உறுப்பினராக உட்கார்ந்தது சின்ன விஷயமில்லை. இதுவரை ரோட்டரி கொடுத்தது 200 கோடி டாலருக்கு மேல்.

பணத்தை விட்டுவிடுவோம், எனக்குச் சுவாரசியம் கீழ்மட்ட வேலைதான். முகாம் நாளில் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தை விட வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இதைப் பார்க்க டாக்டர் தேவையில்லை, கற்றுக்கொண்ட தன்னார்வலர் போதும். ஐஸ் வைத்த பெட்டியைச் சுமந்துகொண்டு போவது, வீடு வீடாகக் கதவைத் தட்டுவது, சொட்டு போட்ட குழந்தையின் விரலில் மை வைப்பது, பூட்டிக் கிடந்த வீட்டைக் குறித்துக்கொண்டு மறுநாள் போவது, இதெல்லாம் உள்ளூரில் முகம் தெரிந்தவர்கள் செய்தால்தான் நடக்கும். உத்தரப் பிரதேசத்தில் சில பகுதிகளில் பெற்றோர் மருந்தைச் சந்தேகப்பட்டபோது, இஸ்லாமிய மத அறிஞர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து அவர்களையே பேச வைத்ததில் ரோட்டரிக்குப் பங்கு உண்டு. சுகாதாரத் துறை அதிகாரி போய் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்குமா தெரியாது. இந்தியாவில் இயற்கையான வைரஸால் வந்த போலியோ கடைசியாக ஹவுராவில் பதிவானது 2011 ஜனவரியில், போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச்சில்.

ஆக, ஒழித்தது ரோட்டரி என்று சொன்னால் மிகை. ரோட்டரி இல்லாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று சொன்னாலும் மிகைதான்.

வெள்ளம் வந்தபோது எங்கள் கிளப் ஒரு லாரி நிறையப் பழைய துணியும் மருந்தும் அனுப்பியது. பாதியை வாங்க மறுத்துவிட்டார்கள். எங்களுக்கு மிகவும் மன வருத்தம்.

வருத்தம் புரிகிறது, ஆனால் மறுத்தவர்கள் பக்கம்தான் நான். கலைத்துப் போட்ட துணி மூட்டையைப் பிரிக்க, அளவு பார்க்க, கிழிந்ததை ஒதுக்க அங்கே ஆள் வேண்டும், மூட்டையை வைக்கக் காய்ந்த இடம் வேண்டும். வெள்ளத்தில் இல்லாமல் போவதே அந்த இரண்டும்தான்.

மருந்து இன்னும் மோசம். போஸ்னியாவில் 1992 முதல் 1996 வரை போர்க்காலத்தில் குவிந்த நன்கொடை மருந்துகளில் சுமார் 17,000 டன் பயன்படாதவை என்று பிறகு கணக்கிட்டார்கள். காலாவதியானவை, பிரித்துப் பாதி தீர்ந்தவை, அங்கே யாருக்கும் தேவைப்படாதவை. அழிக்கவே தனிச் செலவு. 1996-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று வழிகாட்டுதலே போட்டது: கேட்டதை மட்டும் அனுப்புங்கள், போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் மிச்சம் இருக்கட்டும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்து கூடவே கூடாது, லேபிள் அங்கிருப்பவர்கள் படிக்கிற மொழியில் இருக்கட்டும்.

பின்னே என்ன செய்வது? அந்த இடத்திலேயே இருக்கும் கிளப்புக்குப் போன் போட்டு, என்ன வேண்டும் என்று கேட்டுப் பணமாக அனுப்புங்கள், பக்கத்து ஊர்ச் சந்தையிலேயே வாங்கிக்கொள்வார்கள், அங்கே வியாபாரமும் பிழைக்கும். லயன்ஸ் பவுண்டேஷன் இப்படிப்பட்ட நேரத்தில் பாதிக்கப்பட்ட லயன்ஸ் மாவட்டத்துக்கு 10,000 டாலர் வரை அவசர நிதி தருகிறது, முதல் சில நாள் தேவைக்கு அது கை கொடுக்கும். அப்புறம் இன்னொன்று, மூன்றாம் நாள் எல்லாரும் வருவார்கள், மூன்றாம் மாதம் யாரும் வர மாட்டார்கள். உங்கள் கிளப் மூன்றாம் மாதத்துக்குப் போகட்டும்.

ஒவ்வொரு வருடமும் தலைவர் மாறுகிறார், போன தலைவரின் திட்டம் அனாதையாகிவிடுகிறது. இதற்கு என்ன வழி?

இந்தக் கிளப்புகளின் பெரிய பலவீனம் இதுதான், ரோட்டரியிலும் லயன்ஸிலும் ஜூலை ஒன்றாம் தேதி புதுத் தலைவர், புது முழக்கம், புது பேனர். ஒரே ஆள் வருடக்கணக்காக நாற்காலியை விடாமல் இருப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, அது நல்லதுதான், ஆனால் குடிநீர்த் திட்டத்துக்கு ஜூலை தெரியாது.

பெரிய திட்டத்தைத் தலைவரிடம் கொடுக்காதீர்கள், மூன்று வருடத்துக்கு ஒரு குழுவிடம் கொடுங்கள். அடுத்த வருடத் தலைவர் யார் என்பது முன்பே தெரியும் அல்லவா, திட்டத்தின் முதல் நாளிலிருந்தே அவரும் அதற்கடுத்தவரும் குழுவில் இருக்கட்டும், கையெழுத்தும் போடட்டும். தான் கையெழுத்துப் போட்டதை யாரும் அவ்வளவு சுலபமாகக் கைவிட மாட்டார்கள். வங்கிக் கணக்கு விவரம், கான்ட்ராக்டரின் போன் நம்பர், அந்த ஊர்க் குழுவின் ஆட்கள் யார் என்பது வரை ஒரே கோப்பில் இருக்கட்டும், ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். புதிதாக எதையும் தொடங்காமல் பழையதை முடித்துவைக்கும் தலைவருக்கு மாவட்ட மாநாட்டில் யாரும் விருது கொடுப்பதில்லை. கொடுத்தால் நன்றாக இருக்கும், மாவட்ட ஆளுநர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

பெண்களை இன்னும் சில கிளப்புகள் "குடும்ப உறுப்பினர்" மாதிரிதான் நடத்துகின்றன. விதி என்ன சொல்கிறது?

விதி பழையதாகிவிட்டது அம்மா, இவர்கள்தான் மாறவில்லை. பெண்களைச் சேர்த்ததற்காக ஒரு கிளப்பை ரோட்டரி நீக்கிய வழக்கில் 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லயன்ஸும் கிவானிஸும் அதே வருடம் கதவைத் திறந்தன, ரோட்டரி 1989-ல் உலகம் முழுவதற்கும் விதியை மாற்றியது. நீங்கள் முழு உறுப்பினர், பொருளாளர் பதவிக்குப் போட்டியிடுங்கள். சாவி அங்கேதான் இருக்கிறது. பெண்களே நடத்தும் சோன்டா (1919), சொராப்டிமிஸ்ட் (1921) கிளப்புகளும் இருக்கின்றன, அங்கே இந்தப் பேச்சே எழாது.

எங்கள் கிளப்பில் சுறுசுறுப்பாக இருப்பது ஏழெட்டுப் பேர்தான். இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?

ஏழெட்டுப் பேர் தாராளம். பேரிடர்களில் கூடாரம் அனுப்பும் ஷெல்ட்டர்பாக்ஸ் அமைப்பு, 2000-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஹெல்ஸ்டன்-லிசர்ட் என்ற ஒரு ரோட்டரி கிளப்பின் திட்டமாகத்தான் தொடங்கியது. கூடாரம், போர்வை, தண்ணீரைச் சுத்தம் செய்யும் சாதனம் என்று வீடிழந்த குடும்பத்துக்கு உடனே தேவைப்படுவதை ஒரே பெட்டியில் அடைத்து வைப்பது என்பதுதான் யோசனை. 2001 ஜனவரி குஜராத் நிலநடுக்கத்துக்கு முதன்முதலாக 143 பெட்டிகள் போயின. இன்று அது தனி அமைப்பாக உலகம் முழுக்க வேலை செய்கிறது. அவர்கள் பத்து வேலையைத் தொடவில்லை, ஒரே வேலையை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சரிசெய்தார்கள்.

1930-ல் அமெரிக்காவின் பியோரியா நகரத்தில் ஒரு லயன்ஸ் உறுப்பினர், பார்வையற்ற ஒருவர் கறுப்புத் தடியோடு சாலையைக் கடக்கத் திண்டாடுவதைப் பார்த்தார், ஓட்டுநர்கள் கண்ணுக்குத் தடி தெரியவே இல்லை. தடிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாம் என்று கிளப்பில் சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் ஒரு டப்பா பெயின்ட்டோடு முடிந்திருக்கும். வெள்ளைத் தடியோடு வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று நகர மன்றத்தில் சட்டமும் போட வைத்தார்கள்.

உங்கள் ஏழெட்டுப் பேரில் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எதை எடுத்துச் செய்யலாம் என்று அடுத்த இதழில் பேசலாம்.